தர்மினி வீட்டில பால் பொங்கி நிண்ட கதை

லண்டன் ஹேய்ஸில, ஏரோப்பிளேன் எல்லாம் வயித்தைக் காட்டிக்கொண்டு இறங்கிற பக்கமா, எல்டர் குளோஸ் எண்டு ஒரு முட்டு ரோட் இருக்கு, அந்த ரோட்டில நெருப்புப்பெட்டி அடுக்கினமாதிரி ஒட்டி ஒட்டி நிக்கிற வீடுகளில ஒண்டுக்குத் தர்மினியும் புருசன் கேதீஸும் மகள் ஆரபியோட குடிவந்த அண்டைக்குத்தான் பால் பொங்கி, வழியாமல், அப்பிடியே நிண்டது.

அதை முதல்லயே சொல்லிப்போட்டன். ஏனெண்டா அதில விளங்கப்படுத்த ஒண்டும் இல்லை, பால் நிண்டது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு எங்கட ரோட் என்னபாடு பட்டது எண்டிறதுதான் கதை, அதைச் சொல்லாமல் என்னால இருக்கேலாது!

தர்மினி இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து மற்றாக்களின்ரை வீட்டுக்குள்ளதான் இருந்தவா. ஹரோவில ஒரு வீட்டு முன்னறையில சீலையைக் கட்டி மறைச்சு இருந்தவா, சவுத்தோலில ஒரு கடைக்கு மேல இருந்தவா, பிறகு ஆரோ ஒரு தூரத்துச் சொந்தத்தின்ரை வீட்டில, ஃபிரிட்ஜில ஒரு தட்டு உங்களுக்கு, பின்னேரம் நாங்கள் சமைச்சு முடியத்தான் அடுப்பு உங்களுக்கு எண்டு அளந்து குடுத்த ஒரு வாழ்க்கை வாழ்ந்தவா, ஒவ்வொரு வீடு மாறேக்கையும் ஆரபிக்கு ஒரு பள்ளிக்கூடம் மாறி, ஒரு கூட்டாளி மாறி, பெட்டை கடைசியில கூட்டாளி பிடிக்கிறதையே விட்டிட்டுது. அதாலதான் இந்த முறை முழு வீடும் தங்களுக்கு, தங்கட கதவு, தங்கட குசினி எண்டவுடன, வாடகை வீடா இருந்தால் என்ன, குடிபூரல் செய்து பால் காய்ச்சத்தான் போறன் எண்டு தர்மினி நிண்டுட்டா.

"வாடகை வீட்டுக்கு ஆர் குடிபூருறது?" எண்டு கேட்டார் கேதீஸ். "அதிர்ஷ்டம் வந்தாலும் அது பைன்ஸுக்கு எல்லே போகும்?"

பைன்ஸ் எண்டது வீட்டுக்காரர். பஞ்சாபி மனுசன், நல்ல உயரம்.

"போனால் போகட்டும். அந்த மனுசன் காய்ச்சேல்லைத்தானே? நான் காய்ச்சிறன்" எண்டா தர்மினி.

சரி எண்டு குசினிச் சிங்குக்கு மேல ஜன்னலில பிள்ளையார் படத்தை வைச்சு, புதுப் பானைக்கு மஞ்சள் கட்டி, கண்ணாடி அடுப்பில பாலை வைச்சினம். பால் விளிம்பால வழிஞ்சு ஊத்தோணும், அதுதான் முறை, கிழக்காலயோ வடக்காலயோ வழிஞ்சா வீட்டில நிறைவு எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். ஆனா பாருங்கோ, சாவி குடுத்த அண்டைக்கு ஏஜென்ட் பொடியன் வீட்டின்ரை ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்தவன், அந்தக் கண்ணாடி அடுப்பைக் கிட்ட வைச்சும் எட்ட வைச்சும் எடுத்தவன், "புது அடுப்பு, கவனம்" எண்டும் சொன்னவன். கேதீஸ் வேலை செய்யிறதோ ஏரோப்பிளேனுக்குச் சாப்பாடு கட்டுற ஃபக்டரி, அங்க ஒரு கரண்டி குழம்பு சிந்தினாலே சுப்பவைசர் வந்து நிப்பார். பால் சூடேறி, ஆடை கட்டி, சுருங்கி, விரிஞ்சு, மெல்ல மெல்ல எழும்பி, தர்மினி கையைக் கூப்பிக் கண்ணை மூட, ஆரபி "வருது வருது" எண்டு துள்ள, பால் விளிம்பைத் தாண்டி உயர, கேதீஸின்ரை கை தானாப் போய் அடுப்பை நிப்பாட்டிப்போட்டுது.

பால் இறங்கேல்லை. வழியவும் இல்லை. பொங்கின பூரிமாதிரி, பானைக்கு மேல ஒரு சாண் உயரத்துக்கு, வெள்ளையா, மெல்லிசா நடுங்கிக்கொண்டு நிண்டது.

கொஞ்ச நேரம் பாத்தினம். இன்னும் கொஞ்ச நேரம் பாத்தினம். பிறகு கேதீஸ் தன்ரை வேலைப் பையுக்குள்ள இருந்து சாப்பாட்டுச் சூடு பாக்கிற கம்பியை எடுத்துப் பாலுக்குள்ள மெல்லக் குத்திப் பாத்திட்டு, "சூடு குறையேல்லை. ஃபக்டரிச் சட்டப்படி பிழையில்லை" எண்டார்.

தர்மினி அண்டைக்கு முழுக்க அந்த மனுசனோட கதைக்கேல்லை.

முதல்ல வந்தது பவளமக்கா. கரைவீட்டில இருக்கிறவா, இந்தப் பக்கத்தில ஆரின்ரை கலியாணம், ஆரின்ரை செத்தவீடு எண்டாலும் எந்தத் தட்டில எதை வைக்கோணும் எண்டு சொல்லுறது அவாதான். காய்ச்சின பால் குடிப்பம் எண்டு கையில ஒரு சில்வர் கப்போட வந்தவா, அடுப்படியில நிண்டு பானையைப் பாத்து, தலையைச் சரிச்சு இந்தப் பக்கத்தால பாத்து, அந்தப் பக்கத்தால பாத்து, கப்பைச் சேலைத் தலைப்புக்குள்ள ஒளிச்சுப்போட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டவா.

"அப்ப பிள்ளை, இது எந்தப் பக்கத்தால வழியப்போகுது?"

ஐயோ, அந்தக் கேள்வி! அந்தக் கேள்விதான் எங்கட ரோட்டைப் பிடிச்சு ஆட்டினது. ஃபோனில திசைகாட்டியைப் போட்டுப் பாத்ததில கிழக்கு மோரீன் வீட்டுச் சுவர், வடக்கு சிங்க், மேற்கு கதவு, தெற்கில குப்பை வாளி. தெற்கால வழிஞ்சா என்னாகும் எண்டு ஒருத்தரும் வாய்விட்டுக் கேக்கேல்லை, ஆனா அண்டைக்கே கேதீஸ் குப்பை வாளியைத் தூக்கி வெளியில வைச்சிட்டார். ஆர் வந்தாலும் குனிஞ்சு பானை விளிம்பைப் பாப்பினம், "இஞ்சாலை கொஞ்சம் கூடச் சரிஞ்சமாதிரிக் கிடக்கு" எண்டுவினம், மற்றாள் "உங்கட கண் சரிஞ்சிருக்கு" எண்டுவார், ரெண்டு பேரும் பேந்து பின்னேரம் வந்து திரும்பவும் பாப்பினம். கோயில் ஐயரைக் கூட்டிக்கொண்டுவந்து காட்ட, அவர் கனநேரம் பாத்திட்டு, "நான் பூசை செய்யிறவன், பால் டொக்டர் இல்லை" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார், ஆனா அடுத்த கிழமை பூசை முடிய வேட்டியோடயே தானா வந்து எட்டிப் பாத்தவர்.

பக்கத்து வீட்டு மோரீன் எண்டது வெள்ளைக்கார மனிசி, தனிய இருக்கிறவா, முந்தி அந்த வீட்டில இருந்த ஆக்கள் தாளிச்சால் சுவரில தட்டுறவா. இவையள் வந்த பிறகு ஒரு சத்தமும் இல்லை எண்டது அவாவுக்குப் பெரிய யோசனையாப் போச்சு. ஒருநாள் கதவைத் தட்டி, "நீங்கள் உயிரோட இருக்கிறியளோ எண்டு பாக்க வந்தனான்" எண்டவா. தர்மினி உள்ளுக்குக் கூப்பிட்டுக் காட்டினவா. மோரீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டா, கழட்டினா, துடைச்சா, திரும்பப் போட்டா.

"இது என்ரை சுவர்ப் பக்கமாத்தான் கொஞ்சம் பாக்குது, என்ன?"

"பவளமக்காவும் அப்பிடித்தான் சொல்லுறா" எண்டா தர்மினி.

மோரீன் வீட்டை போய், அந்தச் சுவரோட நிண்ட தன்ரை வொஷிங் மெசினை மற்றப் பக்கத்துக்கு இழுத்து வைச்சா. அடிச்சுச் சாத்தினாப் பால் அதிரும் எண்டு கதவெல்லாத்துக்கும் துணி ஒட்டினா. பிறகு ரோட்டில நிண்டு, காரில பாட்டுப் போட்டுக்கொண்டு வாற பொடியளைப் பாத்து வாயில விரலை வைக்கத் தொடங்கினா. குப்பை எடுக்கிற ஆக்களுக்கு ஆர் சொன்னதோ தெரியாது, எல்டர் குளோஸ் வந்தால் பெரிய வாளிகளைப் பிள்ளைவண்டில் தள்ளுறமாதிரித் தள்ளிக்கொண்டு போவினம். ஏரோப்பிளேன் மட்டும் ஒருத்தற்றை சொல்லும் கேக்காது. ஒவ்வொண்டு இறங்கேக்கையும் பால் ஒருக்கா நடுங்கும், எல்லாரும் மூச்சைப் பிடிப்பினம், பிளேன் போகும், மூச்சு விடுவினம்.

இதில எனக்கு ஆகலும் புதினமா இருந்தது என்னெண்டா, மெல்லக் கதைக்கிறது எண்டது எங்கட ஆக்களுக்குப் புதுசில்லைத்தானே! பஸ்ஸில ஃபோன் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கிறது, விடிய மிக்ஸி போடாமல் விடுறது, பிள்ளையள் படியில ஓடினால் "மெல்ல, பக்கத்து வீட்டில வெள்ளை இருக்கு" எண்டு அதட்டுறது எண்டு வந்த நாளில இருந்து சத்தத்தை விழுங்கி விழுங்கிச் சீவிச்ச சனம் நாங்கள். இப்ப எண்டா முழு ரோட்டும் அந்தமாதிரி, வெள்ளை, சோமாலி, போலந்து எல்லாரும், ஆனா ஒருத்தருக்கும் பயம் இல்லை. பாக்கிற ஆசையில வாற அமைதி அது. ரெண்டும் காதுக்கு ஒண்டுமாதிரித்தான் இருக்கும், உள்ளுக்க இருந்து பாத்தால் வேற.

பிறகு வெளியிடத்து ஆக்கள் வரத் தொடங்கிச்சினம். விசா முடிவுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறவை, சோதனை மறுமொழிக்கு இருக்கிறவை, பிள்ளை தங்கோணும் எண்டு மருந்து எடுக்கிறவை எண்டு, எது எது விளிம்பில வந்து நிண்டுபோச்சோ அந்த அந்த ஆக்கள் எல்லாம் ஸ்லவ்வில இருந்தும் லூட்டனில இருந்தும் வந்து, வாசலில சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, அடுப்படியில கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டு, ஒண்டும் கேக்காமல் போவினம். "பால் பாத்திட்டு வாறம்" எண்டது ஒரு கதையாவே வந்திட்டுது. ஆரபியின்ரை வகுப்புப் பிள்ளையள் கூட மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு சோடி சோடியாக் கை பிடிச்சு வந்து பாத்தவை. அண்டைக்கு ஆரபிக்கு ஒரு கூட்டாளி கிடைச்சா, ஹோடன் எண்டு சோமாலிப் பெட்டை, அவள் மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சு முகம் நீலமாகிற அளவுக்கு நிண்டு பாத்தவள், அதுக்குப் பிறகு ரெண்டும் ஒட்டினது ஒட்டினதுதான்.

"அம்மா, எல்லாரும் வந்து பாக்கினம், ஆனா ஒருத்தரும் குடிக்கேல்லை" எண்டாள் ஆரபி ஒருநாள்.

"குடிக்கிறதுக்கு முதல் வழியோணும் பிள்ளை."

"அப்ப வழியச் சொல்லுங்கோவன்."

தர்மினி சிரிச்சிட்டு விட்டிட்டா.

இப்பதான் பைன்ஸ் வாறார். வீடு பாக்க எண்டு வந்தவர், வாசலில கிடந்த சப்பாத்துகளைப் பாத்தார், படி மட்டும் நிண்ட சனத்தைப் பாத்தார், பாலைப் பாத்தார், குனிஞ்சு அடுப்பின்ரை கண்ணாடியில கீறல் இருக்கோ எண்டு பாத்தார், நிமிர்ந்தார். திரும்பிப் போகேக்க அந்த மனுசன் நடந்த நடையிலயே ஒரு யோசனை தெரிஞ்சது. அடுத்த கிழமை வீட்டுக்கு முன்னால 'விற்பனைக்கு' எண்டு பலகை நட்டாச்சு. முழங்கால் ஏலாதாம், மகன் கனடாவில இருக்கிறானாம், எல்லாத்தையும் வித்துப்போட்டுப் போகப்போறாராம். இவையளுக்கு வீட்டை விட்டு எழும்பச் சொல்லி நோட்டீஸும் வந்தது.

ஏஜென்ட் பொடியன் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்த ஒருத்தரும் படுக்கையறை எவ்வளவு பெரிசு எண்டு பாக்கேல்லை, குளியலறைக்குள்ள எட்டியும் பாக்கேல்லை, நேரா அடுப்படிக்குத்தான் போனவை. வீட்டின்ரை விலை ஒவ்வொரு சனிக்கிழமையும் பாலைவிட உயரமாப் பொங்கிச்சுது. கடைசியில ஃப்ரேயா, டொபியாஸ் எண்டு ஆகக் கூடின விலை சொன்ன ஒரு இளம் சோடி, நல்ல பிள்ளையள், ஒரு சொல் மரியாதை குறையேல்லை, தர்மினி போட்டுக் குடுத்த ரீயை வாங்கிக் குடிச்சுக்கொண்டே ஏஜென்ட்டைக் கேட்டினம்.

"பாலும் வீட்டோட சேர்த்தித்தானே?"

"ஓமோம். அடுப்பு, பானை, பால், எல்லாம் இருந்தபடியே."

அந்தப் பாலை வாங்கின, காய்ச்சின, கையைக் கூப்பி நிண்ட மனிசி அந்த ரெண்டு பேருக்கும் நடுவில பிஸ்கட் தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவா, கேட்டியளே!

அண்டைக்குப் பின்னேரம் கேதீஸ், "பானையைத் தூக்கிக்கொண்டு போவம், அது எங்கட பானைதானே" எண்டு ரெண்டு பக்கமும் துணி சுத்திப் பிடிச்சு ஒரு மயிரளவு தூக்கிப் பாத்தார். பால் ஒரு பக்கமாச் சாஞ்சு, ஆடை சுருங்கி, உள்ளுக்கு அமத்தின பந்துமாதிரி இறங்கத் தொடங்கிச்சுது. பக்கத்தில நிண்ட பவளமக்கா "வையடா, வையடா!" எண்டு கத்தாமல் கத்தினா. வைச்சார். திரும்ப எழும்பி நிண்டது.

"வழியாமல் இறங்கிப்போச்சுதெண்டால் அதைவிடக் கேடு இல்லை" எண்டா பவளமக்கா.

பைன்ஸும் ஃபோனில சொல்லிப்போட்டார்: "ஒண்டையும் தொடாதேங்கோ. அப்பிடியே விட்டிட்டுப் போங்கோ."

வேற வீடு கிடைக்கேல்லை. லூட்டனில ஒரு அறைதான் கிடைச்சது, ஃபிரிட்ஜில ஒரு தட்டோட. ஆரபிக்குப் புதுப் பள்ளிக்கூடமும் பாத்தாச்சு. ஹோடனுக்கு அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் பெட்டை சாப்பிடுறதைக் குறைச்சிட்டுது, தர்மினி அதைப் பாத்துக்கொண்டு இருந்தா.

வீட்டை விட்டுப் போற சனிக்கிழமை மத்தியானம். சூட்கேஸ் எல்லாம் நடையில அடுக்கி இருக்கு. சாவி வாங்கப் பைன்ஸ் வந்திட்டார், ஜன்னல் சீலைக்கு அளவெடுக்க ஃப்ரேயாவும் டொபியாஸும் பூக்கொத்தோட வந்திட்டினம், நாங்கள் ரோட் முழுக்க வழியனுப்ப எண்டு அந்தச் சின்னக் குசினிக்குள்ளயும் நடையிலயும் நெருக்கிக்கொண்டு நிக்கிறம், ஒரு சத்தம் இல்லை. தர்மினி அடுப்படிக்கு வந்து பானைக்கு முன்னால நிண்டா.

"இஞ்சாருங்கோ" எண்டா கேதீஸைப் பாத்து. "இந்தப் பாலை ஆர் காய்ச்சினது?"

"இதென்ன கேள்வி? நீர்தானே காய்ச்சினீர்."

"ஆர் நிப்பாட்டினது?"

கேதீஸ் சனத்தைப் பாத்தார். "நான்தான்."

"ஏன்?"

"அடுப்புப் பழுதாப்போம் எண்டு... கை தானாப் போயிட்டுது, தர்மினி."

"அது பொங்கி நிண்ட அண்டையில இருந்து இவ்வளவு சனமும் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டதே, ஒருத்தருக்கும் அடுப்பை மூட்டிப் பாப்பம் எண்டு தோன்றேல்லையோ?"

நம்புங்கோ, தோன்றேல்லை! எங்கள் ஒருத்தருக்கும் தோன்றேல்லை! திசை பாத்தம், சரிவு பாத்தம், மோரீன் வொஷிங் மெசினைக்கூட இழுத்து வைச்சவா, அந்த அடுப்பு வீட்டுக்காரற்றை அடுப்பு எண்டு எங்கட மனசுக்குள்ள எங்கயோ எழுதி ஒட்டியிருந்ததில ஒரு கையும் அந்தப் பிடிக்குக் கிட்டப் போகேல்லை. தர்மினியின்ரை கை போனது. பிடியைத் திருப்பிக் கடைசி மட்டும் விட்டா.

"ஏய், ஏய், என்ன செய்யிறியள்?" எண்டார் பைன்ஸ். அந்த வீட்டில அத்தனை நாளுக்குப் பிறகு கேட்ட முதல் பெரிய சத்தம் அதுதான்.

கண்ணாடிக்குக் கீழ சிவப்பு வட்டம் எழும்பிச்சுது. பாலின்ரை அடியில முணுமுணுப்பு ஒண்டு கேட்டுது. ஆடை விரிஞ்சு, மினுங்கி, இன்னும் ஒருக்கா உயர்ந்து, ஒரு பக்கமும் பாக்காமல், ஒரு பக்கத்தையும் விடாமல், சுத்திவர ஒரே நேரத்தில சொஸ்ஸ் எண்டு வழிஞ்சு, கண்ணாடியில பொரிஞ்சு, கபேட்டால இறங்கி, நிலத்தில விரிஞ்சு, எங்கள் எல்லாற்றை காலுக்குள்ளாலயும் வெதுவெதுப்பா ஓடிச்சுது. ஸ்மோக் அலாரம் கத்தத் தொடங்க, பவளமக்கா அதுக்கு மேலால "பால் பொங்கிட்டுது! பால் பொங்கிட்டுது!" எண்டு கத்த, மோரீன் கையைத் தட்ட, ஹோடனும் ஆரபியும் வெறுங்காலோட பாலுக்குள்ள துள்ள, ஆரோ துவாயால அலாரத்துக்கு விசுக்க, காதே அடைச்சுப்போச்சு.

"ஸொறி ஸொறி" எண்டார் கேதீஸ் பைன்ஸைப் பாத்து. தர்மினி திரும்பிப் பாத்த பார்வையில மூண்டாவது ஸொறி வெளியில வரேல்லை.

ஃப்ரேயா பூக்கொத்தை ஜன்னலோரம் வைச்சா. பானையை எட்டிப் பாத்தா. பாதிப் பானை பால், மற்றப்படி வழமையான பால். "ஓ" எண்டா. டொபியாஸ் அவாவின்ரை தோளைத் தொட்டார். ரெண்டு பேரும் எல்லாருக்கும் நன்றி சொல்லி, சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு போச்சினம். கார் வெளிக்கிட்ட சத்தம் அடங்க முதல் பைன்ஸுக்கு ஏஜென்ட்டின்ரை ஃபோன் வந்தது, இன்னும் கையெழுத்து வைக்காத அந்தச் சோடிக்கு வீடு வேண்டாமாம். கேட்டார். "ம்" எண்டார். ஃபோனைச் சட்டைப் பையுக்குள்ள வைச்சார். அந்த உயர மனுசன், பால் ஊறின காலுறையோட, கருகின கண்ணாடி அடுப்பையும் சூட்கேஸையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"இனி இதை அந்த விலைக்கு ஆர் வாங்குவினம்?"

"வாங்கிறாக்களைப் பற்றி எனக்குத் தெரியாது" எண்டா தர்மினி, துடைக்கிற துணியைப் பிழிஞ்சுகொண்டு. "இருக்கிறதுக்கு நாங்கள் இருக்கிறம். ஆனா சும்மா இல்லை, மகள் இந்தப் பள்ளிக்கூடம் முடிக்கும்மட்டும் எழும்பச் சொல்லமாட்டன் எண்டு எழுதித் தரோணும். குளியலறை ஃபேனும் வேலை செய்யிறேல்லை."

கேதீஸ் மூச்சை உள்ளுக்கு இழுத்தவர், வெளியில விடேல்லை. ஒரு வீட்டுக்காரரிட்டையும் தர்மினி இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை.

"யோசிக்கோணும்" எண்டார் பைன்ஸ்.

"யோசியுங்கோ. பால் ஆற முதல் சொல்லுங்கோ."

பைன்ஸ் யோசிச்சார். ஒரு பிளேன் தலைக்கு மேலால இறங்கிப் போச்சுது, ஒருத்தரும் அதைக் கவனிக்கேல்லை. ஆரபி சூட்கேஸுக்கு மேல ஏறி இருந்து அந்த மனுசனின்ரை வாயையே பாத்துக்கொண்டு இருந்தாள்.

"சரி" எண்டார். "ஃபேனும் மாத்தித் தாறன்."

தர்மினி மிச்சப் பாலுக்குச் சீனி போட்டுக் கலக்கினா. கப் எல்லாம் சூட்கேஸுக்குள்ள எண்டதால பவளமக்கா ஓடிப்போய்த் தன்ரை வீட்டில இருந்து கொண்டுவந்தா, மோரீன் தன்ரை பூப்போட்ட கோப்பையளைக் கொண்டுவந்தா. வீட்டுக்கு வந்தவைக்குத்தான் முதல் குடுக்கோணும் எண்டு தர்மினி முதல் கோப்பையைப் பைன்ஸிட்டை நீட்டினா. அந்த வீட்டை வாங்கி எத்தினையோ வருசம், அதுக்குள்ள அவர் ஒரு வாய் தண்ணியும் குடிச்சதில்லையாம், பிறகு அவரே சொன்னவர். ரெண்டு கையாலயும் கோப்பையை வாங்கினார். கதிரை பக்கத்தில இருந்தது, ஆனாலும் அந்த மனுசன் அதில இருக்கேல்லை, சுத்துமுத்தும் பாத்துக்கொண்டு நிண்டுகொண்டே இருந்தார்.

"இருங்கோ அண்ணை" எண்டு தர்மினி சொன்னாப் பிறகுதான் இருந்தார்.